எட்டில் நிற்க வேண்டிய திருகு

பனிவண்டி கவிழ்ந்து மாப்பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்து அன்றோடு ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் தங்கச்சி அண்ணனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கோபத்தில் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். திட்டு வாங்குவது அவருக்குப் புதிதல்ல, கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஆனால் தங்கச்சி திட்டவும் இல்லை. படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்தபடி ஒதுங்கி நின்றாள். அவர் கடந்து போன பிறகுதான் அவள் கால் அடுத்த படியில் இறங்கியது.

ஊரில் அவருக்கு ஷாக்குக்காரர் என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் இருக்கிறது. வண்டிகளின் ஷாக் அப்சார்பரைக் கழற்றி, பிரித்துக் கழுவி, எண்ணெய் மாற்றி, கேஸ் ஏற்றி, திரும்ப மாட்டிக் கொடுப்பது அவர் தொழில். பனிக்காலம் முழுக்கப் பனிவண்டிகள் வரும். முன்னால் இரண்டு சறுக்குப்பலகை, பின்னால் சுற்றுகிற ரப்பர் பட்டை, பார்க்க மூக்கு நீண்ட பூச்சி மாதிரி இருக்கும். பனி கரைந்துவிட்டால் சேற்றிலும் கல்லிலும் ஓடுகிற குண்டுச்சக்கர வண்டிகள் வரும். கீழே பட்டறை, மேலே இரண்டு குடித்தனம். ஒன்றில் அவரும் மனைவியும். இன்னொன்றில் தங்கச்சியும் அவள் வீட்டுக்காரரும். மாப்பிள்ளைக்கு மின்சார ஆபீஸில் லைன்மேன் வேலை. பனியில் கம்பி அறுந்தால் ஆபீஸ் கொடுத்த வண்டியில் மலைமேல் ஏற வேண்டியது அவர்தான்.

ஷாக் என்றால் ஸ்பிரிங் சுற்றிய வெறும் குழாய் என்று நினைக்கிறவர்களைக் கண்டால் நம்மவருக்குப் பற்றிக்கொண்டு வரும். உள்ளே எண்ணெய் இருக்கிறது, எண்ணெய் நுரைக்காமல் அழுத்திப் பிடிக்கக் கேஸ் இருக்கிறது, வெளியே ஒரு திருகு இருக்கிறது. திருகை வலப்பக்கம் திருப்பினால் ஷாக் இறுகும், இடப்பக்கம் திருப்பினால் தளரும். ஒவ்வொரு அடிக்கும் 'டிக்' என்று விரலில் தட்டும். மொத்தம் இருபது கிளிக். முழுக்க இறுக்கிவிட்டு, அங்கிருந்து தளர்த்திக்கொண்டே எண்ண வேண்டும். ஆள் மட்டும் ஏறுகிற வண்டிக்கு ஓர் எண், பாரம் ஏற்றுகிற வண்டிக்கு ஓர் எண். மாப்பிள்ளையின் வண்டியில் ஏணி, கம்பிச்சுருள், சாமான் பை எல்லாம் பின்னால் ஏறும். ஆகவே அதன் பின் ஷாக் எட்டில் நிற்க வேண்டும். அந்த எட்டை மூன்று பனிக்காலம் ஓட்டி ஓட்டிப் பார்த்து மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். ஏழில் முதுகு வலிக்கிறது என்பார் மாப்பிள்ளை, ஒன்பதில் வண்டி ஆடுகிறது என்பார்.

அந்த வண்டிதான் மலையில் ஓடையைத் தாண்டும் மேட்டில் கவிழ்ந்தது. இறங்கும்போது பின்பக்கம் அப்படியே அமுங்கித் தரையில் இடித்து, இடித்த வேகத்தில் உதைத்து எழும்பி, ஆளைத் தூக்கி எறிந்திருக்கிறது. பின்னால் இன்னொரு வண்டியில் வந்த லைன்மேன் பார்த்தபடி சொன்னது அது. தோளில் காறை எலும்பு முறிவு, இரண்டு விலா எலும்பில் விரிசல், நெற்றியில் ஏழு தையல். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று டாக்டர் தொடங்கி டீக்கடைக்காரர் வரை எல்லாரும் சொன்னார்கள். ஷாக்குக்காரருக்கு மட்டும் அந்தப் பழமொழியில் ஆறுதல் கிடைக்கவில்லை. கவிழ்வதற்கு நாலு நாள் முன்னால்தான் அந்தப் பின் ஷாக்கைப் பிரித்து மாட்டியிருந்தார்.

மின்சார ஆபீஸ்காரர்கள் வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து அவர் பட்டறையிலேயே இறக்கினார்கள். சுற்றுவட்டாரத்தில் ஷாக்கைப் பிரிக்கிற சாமான் அவரிடம்தான் உண்டு. ஆனால் அவர் தனியாகப் பிரிக்கக் கூடாது. சூப்பர்வைசர் வந்து எதிரில் நிற்க வேண்டும், அதுவரை கை வைக்கக் கூடாது என்று பின் ஷாக்கைச் சுற்றிக் கயிறு கட்டி, முடிச்சில் அரக்கு வைத்துவிட்டுப் போனார்கள். சூப்பர்வைசருக்குக் காய்ச்சல், எழுந்ததும் வருவார் என்றார்கள்.

காலையில் பட்டறையைத் திறந்ததும் அவர் நேரே போய் அந்த வண்டி பக்கத்தில் நிற்பார். தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பார். திருகு இரண்டு விரல் தூரத்தில் இருக்கும். தொட்டு இறுக்கி எண்ணிப் பார்த்தால் அரை நிமிஷத்தில் விஷயம் தெரிந்துவிடும். கயிறு திருகின் மேலேயே ஓடியது.

"கை வச்சீங்க, சூப்பர்வைசர் ஒடிக்கிறதுக்கு முன்னாடி நான் ஒடிச்சிடுவேன்" என்று உதிரிபாகங்களுக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல் வரும். கடையின் முன்பக்கம் அவள் ராஜ்ஜியம். எந்த வளையம் எந்த டப்பாவில் என்று அவளுக்குத்தான் தெரியும்.

அந்த ஷாக்கை மாட்டிய நாளை அவர் எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாரோ கணக்கில்லை. மாப்பிள்ளை எண்ணெய்ப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் வாய் சும்மா இருக்காது. மலைமேல் குடியிருப்பில் ஒரு பெரியவர், கரண்ட் வர இரண்டு நாளாகும் என்றதும், அப்படியானால் அவசரத்துக்கு ஒரு கேனில் கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போ என்று கேட்டாராம். கேட்டதோடு விட்டாரா, கேனைக் கழுவி வேறு வைத்திருந்தாராம். கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தார் ஷாக்குக்காரர். சிரித்தது நன்றாக ஞாபகம் இருந்தது. கேஸ் ஏற்றினாரா என்பது ஞாபகம் இல்லை. உள்ளே பூட்டு வளையம் காடிப் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்தது ஞாபகம் இல்லை.

இந்த இரண்டையும் மனைவியிடம் சொன்னார். மூன்றாவதைச் சொல்லவில்லை. ஷாக்குக்கு எண்ணெய் ஊற்றும்போது உள்ளே மாட்டிய காற்று வெளியேறுவதற்காகத் திருகை முழுக்கத் தளர்த்திவிட வேண்டும். வேலை முடிந்ததும் திரும்ப அதன் எண்ணில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். மறந்தால் திருகு இருபதிலேயே கிடக்கும். பாரவண்டி இருபதில் கிடந்தால் மேட்டில் இறங்கும்போது என்ன ஆகும் என்று அந்த ஓடைக்கரையில் போய்ப் பார்த்தால் தெரியும். கேஸ் இறங்கினால் வால்வைக் குற்றம் சொல்லலாம். வளையம் தெறித்தால் வளையத்தைக் குற்றம் சொல்லலாம். திருகை மறந்தால் சொல்ல ஒன்றும் இல்லை, கை மட்டும்தான்.

பதிவேட்டில் எட்டு என்று எழுதியிருந்தது. அவர் கையெழுத்துதான். ஆனால் அதையும் நம்ப முடியவில்லை. வண்டி வந்ததும் போன தடவை எண்ணைப் பார்த்து முதலில் எழுதிவிட்டு, அப்புறம் வேலையைத் தொடங்குவது அவர் பழக்கம். கை எண்ணெய் ஆகிவிட்டால் பேனா பிடிக்க முடியாதே என்று பத்து வருஷமாக அப்படித்தான். சௌகரியத்துக்குச் செய்தது இப்போது குரல்வளையைப் பிடித்தது.

"குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். குத்தம் இருக்கா இல்லையான்னு தெரியறதுக்கு முன்னாடியே குறுகுறுக்கிற நெஞ்சை இப்பத்தான் பாக்கறேன்" என்றாள் மனைவி.

அவள் அதோடு நிற்கவில்லை. காலையும் மாலையும் சூப்பும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் நாத்தனாரையும் பேசவைத்துப் பார்த்தாள். தங்கச்சிக்குப் பித்தப்பையில் கல் எடுத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்துவிட்டு, மாப்பிள்ளை கவிழ்ந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்திருந்தாள். பனி மூடிப் பஸ் பாதியிலேயே நின்றுவிட்டதால், மாப்பிள்ளை போய்ப் பனிவண்டியில் உட்காரவைத்துக் கூட்டிவந்தார். வந்த மறுநாளே அவளைக் கொண்டுபோய்விட்ட அதே ஆஸ்பத்திரிக்கு அவர் போய்ச் சேர்ந்தார். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் தினமும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அண்ணனைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும், "வேற ஏதாவது பேசுங்க அண்ணி" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சூப்பில் பாதி அப்படியே திரும்பி வந்தது.

அவரும் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். போகாமல் இருக்க முடியுமா? கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றார். ஆறு பஸ் நிறுத்தம் வரை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. எப்போதும் "வாங்க மச்சான், என்ன ஷாக்கான செய்தி?" என்று ஆரம்பிக்கிற மாப்பிள்ளை அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். ஷாக்குக்காரர் வாங்கிப்போன ஆரஞ்சுப் பழத்தை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். மூன்று பனிக்காலம் சேர்ந்து எண்ணிய ஆள் முகத்தைத் திருப்பினால் அதற்கு வேறு என்ன அர்த்தம்? இனி அந்த வீட்டில் ஒரே கூரைக்குக் கீழே எப்படி இருப்பது என்று பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தார். பட்டறையை வேறு இடத்துக்கு மாற்றலாமா என்றுகூட யோசித்தார். தங்கச்சி இல்லாத மாடியை நினைத்ததும் யோசனை அறுந்துபோனது.

ஆறாம் நாள் காலை சூப்பர்வைசர் வந்தார். ஒல்லியான மனிதர், காய்ச்சல் போய் மூக்கு மட்டும் இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு கையில் கைக்குட்டை, இன்னொரு கையில் அச்சடித்த படிவம். எதை எழுதினாலும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதுகிற வழக்கம் அவருக்கு. வெளியே பனி பொடிப்பொடியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. மனைவி டீ கொடுத்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் நின்று குடித்து முடித்துவிட்டு, அரக்கை உடைத்துக் கயிற்றை அறுத்தார்.

ஷாக்குக்காரர் முதலில் திருகைப் பார்த்துவிடலாம் என்றார். சூப்பர்வைசர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படிவத்தின் சோதனைப் பட்டியலில் திருகு ஆறாவதாக இருந்தது, கடைசி வரி. முதல் வரி கேஸ். வரிசை மாறினால் மேலே கேள்வி கேட்பார்கள் என்றார். அந்தப் படிவத்தைப் போட்டவன் ஒரு பட்டறைக்குள்ளும் கால் வைத்திருக்க மாட்டான். கடைசி வரி வரும்வரை திருகை யாரும் தொடக் கூடாது.

ஷாக்குக்காரர் ஷாக்கைக் கழற்றி மேஜையில் கவ்வியில் பிடித்தார். வால்வின் மூடி, வண்டி கவிழ்ந்தபோதே எங்கேயோ தெறித்துவிட்டது. அளவுமானியை வால்வில் மாட்டினார். முள் கொஞ்சம் யோசித்த மாதிரி நின்றுவிட்டு விறுவிறுவென்று ஏறி, எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது.

"கேஸ் சரி" என்று படித்துக்கொண்டே எழுதினார் சூப்பர்வைசர்.

ஷாக்குக்காரர் கேஸை இறக்கிவிட்டு மூடியைக் கழற்றினார். பூட்டு வளையம் காடியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. சீல் கிழியவில்லை. எண்ணெய் தேன் நிறத்தில் சுத்தமாக வந்தது. பிஸ்டனில் ஒரு கீறல் இல்லை. சரி, சரி, சரி, சரி என்று நாலு வரி நிரம்பியது. மனைவி, நான் அப்போதே சொன்னேனே என்கிற முகத்தோடு கைகளைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் படியில் சத்தம் கேட்டு அவர் திரும்பினார். தங்கச்சி கடைசிப் படியில் நின்றிருந்தாள். ஒரு கை வயிற்றில், ஒரு கை சுவரில். ஐந்து நாளில் முதல்முறையாகப் பட்டறைக்குள் வந்திருக்கிறாள், தீர்ப்புக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தார்.

திருகைச் சூப்பர்வைசரே திருப்பினார். எட்டு இருக்க வேண்டும், அப்படித்தானே என்று கேட்டுக்கொண்டார். வலப்பக்கம் திருப்பித் திருப்பி, முழுக்க இறுகும்வரை எண்ண வேண்டும். எட்டாவது கிளிக்கில் திருகு முட்டி நிற்க வேண்டும்.

அவர் சத்தமாக எண்ணினார். பட்டறையில் அந்தக் குரலையும் டிக் டிக்கையும் தவிர வேறு சத்தம் இல்லை. ஆறு என்றார், ஏழு என்றார். எட்டு என்றபோது ஷாக்குக்காரர் மேஜை மேல் குனிந்து பார்த்தார்.

"ஒம்போது" என்றார் சூப்பர்வைசர்.

திருகு பாட்டுக்குத் திரும்பிக்கொண்டே போனது. பதினைந்தில் ஒரு தடவை நிறுத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டார் மனிதர். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஷாக்குக்காரர் பட்டறையைக் காலிசெய்து, சாமானை ஏற்றி, பூட்டியும் விட்டார் மனசுக்குள். இருபதில் நின்றது.

"முழுசாத் தளர்ந்திருக்கு. நீங்க மறந்துட்டீங்களா, இல்ல வேற யாராவது திருகினாங்களா? பதிவேட்ல எட்டுன்னுதான் இருக்கு."

"எட்டுன்னு எழுதினது நான்தான்" என்றார் அவர். "ஆனா நான் எழுதிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பேன். எண்ணெய் ஊத்தறப்போ முழுசாத் தளர்த்துவோம். திரும்பக் கொண்டுவந்து வச்சேனான்னு கேட்டா என்னால சத்தியம் பண்ண முடியாது சார். என் கைதான்னு எழுதிக்குங்க."

மனைவி ஏங்க என்று ஆரம்பித்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். சொல்லிவிட்டதும் என்னவோ கால் தரையில் பட்ட மாதிரி இருந்தது. ஐந்து நாளாக அதுகூட இல்லை. சூப்பர்வைசர் பேனாவை எடுத்து, "பட்டறையின் கவன..." என்று படித்துக்கொண்டே எழுத ஆரம்பித்தார்.

"எழுதாதீங்க சார்."

தங்கச்சி படியைவிட்டு இறங்கி மேஜைப் பக்கம் வந்தாள்.

"நான்தான் திருகினேன். அன்னிக்கு சாயங்காலம் பஸ் நின்ன இடத்துலேருந்து இவர் கூட்டிட்டு வந்தாரு. ஒவ்வொரு மேட்டுக்கும் தையல் பிரியற மாதிரி வலிச்சுது. பின்னாடி கொஞ்சம் தளர்த்துங்கன்னேன். அது மச்சான் வச்ச அளவு, நான் தொட மாட்டேன், மெதுவா ஓட்டறேன்னாரு. வழியில வண்டியை நிறுத்திட்டு ஒதுங்கப் போனாரு. அந்த நேரத்துல நான் குனிஞ்சு திருகிட்டேன். முட்டற வரைக்கும் திருகிட்டேன். அதுக்கப்புறம் வலியே தெரியலை. வீட்டுக்குப் போய் சொல்லிக்கலாம்னு இருந்தேன், மாத்திரையைப் போட்டதும் கண்ணு சொருகிடுச்சு. எந்திரிச்சப்போ அவர் கிளம்பிப் போயிட்டாரு."

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"உன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரிஞ்சுது, நீ உன் கைதான்னு நினைச்சுக்கிட்டு திரியறேன்னு. வாயைத் திறந்தா உண்மை வந்துடும்னு பயம் அண்ணே. அதான் சுவத்தைப் பாத்துக்கிட்டே போனேன். என் புருஷனை நானே தூக்கிப் போட்டுட்டேன்னு எப்படிச் சொல்றது? சூப்பர்வைசர் வந்து பாத்து வேற ஏதோ கோளாறுன்னு சொல்லிட மாட்டாரான்னு தினமும் காத்துக்கிட்டிருந்தேன். நீ பழியை ஏத்துக்குவேன்னு நினைக்கலை."

அவர் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். மனசில் என்னென்னவோ ஓடியது. ஆனால் வாயில் வந்தது தொழில்காரன் கேள்வி.

"எத்தனை கிளிக் திருகினே?"

"பன்னண்டு."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"இந்தப் பட்டறையில வளர்ந்துட்டு எண்ணாம திருகத் தெரியுமா எனக்கு? பன்னண்டாவதுல முட்டி நின்னுது."

சூப்பர்வைசர் கைக்குட்டையைப் பையில் போட்டுவிட்டு விரல்விட்டு எண்ணினார். இருபதில் பன்னிரண்டு போனால் எட்டு. வண்டி பட்டறையைவிட்டுப் போனபோது திருகு எட்டில்தான் இருந்திருக்கிறது. மறந்தும் போகவில்லை, ஒன்றும் போகவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தாலும் கை தன் வேலையைச் செய்திருக்கிறது. ஷாக்குக்காரருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அடுத்த நிமிஷம் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தார், வார்த்த பால் அப்படியே திரிந்துபோனது. இந்த ஐந்து நாள் அவர் சுமந்தது இனி அவள் தலைமேல் அல்லவா உட்காரும்? அதற்கு அவரே சுமந்திருக்கலாம்.

தொட்டதும் சுற்றுகிற மாதிரி திருகை அவ்வளவு லேசாக வைத்தது தன் தப்புதான் என்று சொல்லிப் பார்த்தார். கயிறு கட்டியாவது வைத்திருக்க வேண்டும் என்றார். இல்லை, அவர் தொடாதே என்ற பிறகும் தொட்டது நான்தான் என்றாள் தங்கச்சி.

"இருங்க, இருங்க" என்றார் சூப்பர்வைசர். "என் சர்வீஸ்ல பழியைத் தள்ளிவிடறவங்களைத்தான் பாத்திருக்கேன். நீங்க ஏலம் எடுக்கிற மாதிரி ஆளாளுக்குக் கேக்கறீங்க. ஓட்டினவர் என்ன சொல்றாருன்னு ஒரு வரி இருக்கு இதுல. அவரைக் கேக்காம நான் எதையும் எழுத முடியாது. ஜீப்ல ஏறுங்க."

நாலு பேரும் ஏறினார்கள். ஜீப் பள்ளத்தில் விழுந்தபோதெல்லாம் தங்கச்சி பல்லைக் கடித்தாள். முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த அண்ணன், இதன் ஷாக்கை எவன் பார்க்கிறான் என்று கேட்டார். டவுனில் இருக்கிற ஆபீஸ் காண்டிராக்டர் என்றார் சூப்பர்வைசர். ஷாக்குக்காரர் ஒரு பெருமூச்சு விட்டார், அதிலேயே எல்லாம் இருந்தது.

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் ஆரம்பித்திருந்தது. மாப்பிள்ளை தோளில் பட்டைக்கட்டோடு சாய்ந்து உட்கார்ந்து அவித்த முட்டை தின்றுகொண்டிருந்தார். கூட்டமாக ஆட்கள் வருவதைப் பார்த்ததும் முட்டையைத் தட்டில் வைத்துவிட்டார். தங்கச்சி எல்லாரையும் முந்திக்கொண்டு கட்டில் பக்கம் போனாள். அன்று வழியில் தான் திருகியதையும், முட்டும்வரை திருகியதையும், சொல்ல மறந்து தூங்கியதையும் நின்றபடியே சொன்னாள். சொல்லி முடித்தபோது குரல் கீழே போய்விட்டது.

மாப்பிள்ளை நாலு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தெரியுமே" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீ திருகினது. பாதி வழிக்கு மேல மெத்தையில போற மாதிரி இருந்துச்சே, தெரியாதா? சரி, வலி இல்லாம வரட்டும்னு விட்டுட்டேன். மறுநாள் காலையில இறுக்கிக்கலாம்னுதான் இருந்தேன். ஏணியைக் கட்டினதும் வண்டி பின்னாடி உக்காந்துடுச்சு. வாசல்லயே தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் இறுக்கலை?" என்றார் சூப்பர்வைசர், பேனாவோடு.

மாப்பிள்ளை போர்வையின் ஓரத்தைப் பார்த்தார். கரண்ட் கேன் கதை சொல்கிற வாய் அதற்குமேல் நகர மாட்டேன் என்றது.

"கையுறை" என்றார் கடைசியில். "ரெண்டு ஜோடி போட்டிருந்தேன் சார். அதோட திருகைப் பிடிக்க முடியாது. கழட்டினா அந்தக் குளிர்ல விரல் விறைச்சுடும். சோம்பேறித்தனம். ஓடைகிட்ட போய் மாத்திக்கலாம்னு நினைச்சேன். ஓடைகிட்ட போனதும், அந்தப் பக்கம் போய் மாத்திக்கலாம்னு நினைச்சேன்."

அந்தப் பக்கம் எப்படிப் போனார் என்பது எல்லாருக்கும் தெரியும். சூப்பர்வைசர் எழுதவில்லை. கைக்குட்டைக்குள் மூக்கைச் சிந்திக்கொண்டார், சிரிப்பை மறைக்கத்தான் என்று ஷாக்குக்காரருக்குத் தோன்றியது.

"அப்போ நான் வந்தப்போ ஏன் மாப்ளே மூஞ்சியைத் திருப்பிக்கிட்டீங்க?" என்று அவர் கேட்டார்.

"நீங்க கால்மாட்டுல வந்து அய்யனார் மாதிரி நின்னீங்க மச்சான். ஒரு வார்த்தை பேசலை. ஷாக்கைப் பாத்துட்டு, எல்லாத்தையும் கண்டுபிடிச்சுட்டுத்தான் வந்திருக்கீங்கன்னு நினைச்சேன். மூணு வருஷமா எண்ணி எண்ணி வச்சுக் குடுத்த மனுஷன் முன்னாடி எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு, கையுறையைக் கழட்டலைன்னு சொல்றது? இவளும் தினமும் வந்து அழுதா. என்மேல உள்ள ஆத்திரத்துல அழறான்னு நினைச்சேன்."

தங்கச்சி அழவும் முடியாமல் அடிக்கவும் முடியாமல் நின்றாள். அடிக்கலாம் என்றால் அடிபடாத இடமாகப் பார்த்து அடிக்க வேண்டியிருந்தது. கடைசியில் அவர் முட்டைத் தட்டை எடுத்து நங்கென்று மேஜையில் வைத்தாள். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அவருடைய நல்ல கையைத் தன் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். வயிற்றுத் தையல் வலிக்குமே என்று யாரும் தடுக்கவில்லை.

"மூணு வாயில்லாப் பூச்சிக்கு அஞ்சு நாளா சமைச்சுப் போட்டிருக்கேன்" என்றாள் மனைவி. "ஒருத்தராவது வாயைத் திறந்திருந்தா அரக்கும் வேணாம், கயிறும் வேணாம். சூப்பாவது மிச்சமாகாம இருந்திருக்கும்." சொல்லிவிட்டு அவளும் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சூப்பர்வைசர் கடைசி வரியை வாய்விட்டுப் படிக்காமல் எழுதினார். பட்டறை வேலையில் குறை இல்லை என்பதை மட்டும் சத்தமாகப் படித்துக் காட்டினார். கிளம்புமுன் வண்டி எடுப்பவர் திருகைச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி, ஆகவே மாப்பிள்ளைக்கு ஒரு மெமோ வரும், வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள் என்றார். திருகு என்று ஒன்றை வைத்தால் ஜனங்கள் திருகத்தான் செய்வார்கள் என்றும் சொன்னார். ஜீப்பில் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, தும்மிக்கொண்டே போனார்.

ஷாக்குக்காரர் ஜன்னலோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஜன்னலுக்குக் கீழே வெந்நீர்க் குழாய் ஓடியது, கால் வழியாகச் சூடு மெல்ல ஏறியது. எதிரில் மூன்று பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். தங்கச்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டே மிச்ச முட்டையை மாப்பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். மனைவி அந்த வார்டுக்காரர்கள் துடைத்த தரையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தைகூட அவர் காதில் முழுதாக விழவில்லை. தோள், கழுத்து, கைவிரல் என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. ஐந்து நாள் தூக்கம் மொத்தமாக வந்து தலையில் உட்கார்ந்தது. வாய் திறந்திருப்பது தெரிந்தது, மூட மனசில்லை.

எவ்வளவு நேரமோ தெரியாது. நர்ஸின் செருப்புச் சத்தம் பக்கத்தில் வந்து நின்றது. பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது, நாற்காலியில் குறட்டை விடுகிற ஆளை எழுப்புங்கள், யார் இவர் என்று கேட்டாள்.

"எங்கண்ணன்" என்றாள் தங்கச்சி. "கொஞ்ச நேரம் தூங்கட்டும் சிஸ்டர். என்னாலதான் அவரு அஞ்சு நாளாத் தூங்கலை."

அவர் காதில் அது விழுந்தது. எழுந்திருக்கலாமா என்று யோசித்தார். கண்ணைத் திறக்காமலேயே காலை நன்றாக நீட்டிக்கொண்டு மறுபடி தூங்கிப்போனார்.